முதல் வரியில் எதை எழுதுவது

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் ஹட்டன் நகரத்து மாந்தர் ஒருவரையொருவர் நலம் உசாவும் குரலே மாறிவிடும். "பிள்ளைக்கு எப்படிங்க?" என்பார்கள். "பரவாயில்லங்க, ஏதோ வந்திருக்கு" என்று விடை வரும். எத்தனை ஏ, எத்தனை பி என்பதையேனும் சிலர் வெளியிடுவர். எல்லாப் பாடங்களையும் சேர்த்துக் கணிக்கும் இசற் (Z) புள்ளியை மட்டும் எவரும் வெளியிடார். பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட வாரியாகப் பங்கிடப்படுவதும், அந்தப் பங்கீட்டுக்கு இசற் புள்ளியே அளவுகோலாக இருப்பதும் அதற்குக் காரணம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பிள்ளையைவிட தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அடுத்த லயத்துப் பிள்ளையே நமக்குப் பெரிய போட்டி. ஆகவே, தசமத்துக்குப் பின்னே நான்கு இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை, அடகுக்கடை காணாத நகையைப் போல் நாங்கள் ஒளித்து வைப்போம்.

என் தங்கையின் மகள் உயிரியற் பிரிவிலே தேறிய ஆண்டில் நானும் அவ்வாறே செய்தேன். தங்கை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவள். அவள் கணவர் கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவார். ஆதலால் மருமகளின் படிப்பு பற்றிய பொறுப்பு, கல்வி அலுவலகமொன்றில் எழுதுவினைஞராயிருந்து ஓய்வு பெற்று ஹட்டனில் வசிக்கும் என்மீது வந்தது. பொறுப்பு வந்ததென்று நானே முடிவு செய்துகொண்டேன் என்பது இன்னும் சரியாக இருக்கும்.

அவள் விரும்பியது விலங்கு மருத்துவம். பன்னிரண்டு வயதில் லயத்துக்குப் பின்னாலிருந்த தொழுவத்தில் அவள் ஒன்றைக் கண்டாள். கன்றீன்ற பசு எழ மாட்டாமற் கிடந்தது. அரசாங்க மருத்துவர் வந்து நாளத்தில் மருந்தேற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் அது தானாக எழுந்து நின்றது. அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. ஆயினும் அவளுடைய புள்ளி, அந்தத் துறைக்கு எங்கள் மாவட்டத்தின் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைவிட மயிரிழையளவு குறைந்திருந்தது. வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் ஏறும், இறங்கும். எவர் எவர் போட்டியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அது அமையும்.

எவர் எவர் என்று அறிய நான் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். கினிகத்தேனைப் பக்கம் ஒரு மாணவி, மூன்றும் ஏ. பொகவந்தலாவைத் துணிக்கடைக்காரரின் மகன், இரண்டாம் முறை எழுதியவன். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கிருந்தோ வந்து இங்கே பள்ளியிற் சேர்ந்த ஒருவன். அவனுடைய பெற்றோர் தடிமனுக்குக்கூடத் தங்கள் சொந்த மாவட்டத்துக்கே போய் மருந்தெடுப்பவர்கள் என்றும், எங்கள் மாவட்டத்தின் குறைந்த வெட்டுப்புள்ளிக்காகவே குடியேறியவர்கள் என்றும் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டேன். அந்தக் குறிப்பேட்டில் கேள்விக்குறி இல்லாத வரி எதுவுமில்லை.

ஒருநாள் ஓய்வுபெற்ற கண்டாக்கையா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து மலையெல்லாம் மேற்பார்த்த காலத்தில் எங்கள் தந்தையாரின் வேலைக்கும் அவரே அதிகாரி. அவருடைய பேரனும் என் மருமகளும் ஒரே வகுப்பு.

"மருமகளுக்கு நல்லா வந்திருக்காமே?"

"பரவாயில்லைங்க. பேரனுக்கு?"

"அவனா? விளையாட்டுப் பய. இசற் எவ்வளவுன்னு நான் கேக்கக்கூட இல்ல."

"நானும் கேட்கவில்லைங்க."

பொய்யர் இருவரும் அமைதியாகத் தேநீர் அருந்தினோம். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் திரும்பினார். "ஒன்றரைக்கு மேலயா கீழயா, அத மட்டும் சொல்லுங்க."

"கீழேதான்" என்றேன். மேலே இருந்தது.

விண்ணப்பத்தைக் கணினி வழியே அனுப்ப வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே, நிழற்படப் பிரதியும் எடுத்து இத்தகைய விண்ணப்பங்களையும் நிரப்பித் தரும் சிறு கடை ஒன்று உண்டு. அதன் உரிமையாளரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில், நகரமே நானா என்று அழைக்கும். மருமகளோடு அங்கே போனேன். எந்தத் துறையை எந்த வரிசையில் எழுதுவது என்று கேட்டதும், அவர் விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்தார்.

"ஐயா, கொழும்புக்குப் போகணும்னு ஸ்டாண்டுக்கு வாறீங்க. மொதல்ல எந்த பஸ்ஸத் தேடுவீங்க?"

"கொழும்புப் பேருந்தை."

"அதுல எடமில்லன்னா?"

"அவிசாவளை வரை போவதை."

"அதுவும் இல்லன்னாதான் கினிகத்தேனை பஸ். சரியா? வந்த ஒடனே கினிகத்தேனை பஸ்ல ஏறிக் குந்திட்டீங்கன்னா, பின்னால கொழும்பு பஸ் காலியா வந்தாலும் ஒங்களுக்கு இல்ல. இந்த லிஸ்டும் அப்படித்தான். புள்ள ஆசப்பட்டத மேல போடுங்க. எட்டலன்னா அடுத்ததப் பார்ப்பாங்க, அப்புறம் அதுக்கு அடுத்தது. மேல கேட்டதுக்காகக் கீழ உள்ளத யாரும் பறிக்க மாட்டாங்க. அடியில மட்டும் நிச்சயமாக் கெடைக்கிறது ரெண்டு மூணு இருக்கணும்."

சொல் தெளிவாக இருந்தது. அதுவே எனக்கு ஐயத்தை மூட்டியது. இவ்வளவு அக்கறை இவருக்கு எதற்கு? அப்போதுதான் கடையின் மூலையிற் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டேன்.

"மகளும் இம்முறைதான் எழுதினாரோ?"

"ஓம் ஐயா. இவளும் பயோதான்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. எங்களை எட்டாத கொம்புக்கு ஏற்றிவிட்டு, நடுக்கிளைக் கனியைத் தம் மகளுக்குப் பறிக்கப் பார்க்கிறார். வீட்டில் யோசித்து வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். அன்றிரவே குறிப்பேட்டில் நானாவின் மகளையும் சேர்த்தேன்; அவளுக்கு இரண்டு கேள்விக்குறிகள்.

என் ஐயத்துக்கு இன்னுமொரு வேர் இருந்தது. அதை அக்காலத்தில் அனுபவம் என்று அழைத்தேன். பல ஆண்டுகள் ஆசிரியர்களின் இடமாற்ற விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. விரும்பும் பாடசாலைகளை எழுத மூன்று வரிகள் இருக்கும். நான் முதல் வரியைப் படிப்பேன். அங்கே இடமிருந்தால் மேலே அனுப்புவேன். இல்லையேல் "வெற்றிடம் இல்லை" என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிடுவேன். இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் நான் ஒருநாளும் படித்ததில்லை. கொழும்பில் இருந்து எங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தைப் பார்க்கப்போகும் எழுதுவினைஞர் என்னைவிட நல்லவராயிருப்பார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஆகையால் நிச்சயமானதே முதல் வரியில் நிற்க வேண்டும் என்று துணிந்தேன். கிழக்கிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் உயிரியல் விஞ்ஞானம். அவளுடைய புள்ளிக்கு அது ஐயமின்றிக் கிடைக்கும். இரண்டாவது விவசாயம். விலங்கு மருத்துவம் மூன்றாவது. அனுமதி பற்றிய கையேட்டையும் ஒரு வாரம் படித்தேன். அதன் தமிழ் என்னை வருத்தியது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையாற் பிழை திருத்தினேன்.

மறுமுறை போய், நானாவின் தோளுக்குப் பின்னால் நின்று வரிசையைச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்து முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"புள்ளய கினிகத்தேனை பஸ்ல ஏத்திட்டீங்களே ஐயா."

"பிள்ளை எங்கள் பிள்ளை, நானா."

"ஓம் ஓம். பஸ்தான் எல்லாருக்கும் பொது."

மருமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணாவதா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பட்டியலில் இருக்கிறதல்லவா? இருக்கட்டும்."

விண்ணப்பத்தைத் திறக்க மருமகள் வைத்த கடவுச்சொல்லை அவளிடமே ஒரு தாளில் எழுதி வாங்கி, நான்காக மடித்து என் பணப்பையில் வைத்துக்கொண்டேன். நானாவின் கண் அதிற் படாதவாறு உடம்பைத் திருப்பி நின்றதும் நினைவிருக்கிறது. விண்ணப்பத்தை இறுதி நாள் வரை திருத்தலாம். அதன் பின் அச்சிட்டுக் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

இறுதி நாளுக்கு மூன்று நாட்கள் இருந்தபோது, மரக்கறி வாங்கிக்கொண்டு வந்த நான் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றுவிட்டேன். நானாவின் கடையில், என் மருமகளும் அவருடைய மகளும் ஒரே நாற்காலியில் நெருங்கி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து அவள் வந்ததே எனக்குத் தெரியாது. தூறலில் நனைந்தபடி உள்ளே நுழைந்தேன்.

"நானா, என் மருமகளின் விண்ணப்பத்திற் கை வைத்தீர்களா?"

"நான் வைக்கல ஐயா. வச்சவங்க பக்கத்துலயே இருக்காங்க, கேளுங்க."

"உங்கள் மகளும் போட்டியில் இருக்கையில் நீங்கள் சொன்ன ஆலோசனையை…"

நானா என்னை முடிக்க விடவில்லை. சிரிப்பு அவரை உலுக்கியது. "இவளா? ரோட்டுல மாடு நின்னா மறுபக்கம் போறவ! இவ மாட்டு டாக்டருக்குப் போட்டு என்ன செய்ய? மாடு இவளப் பார்க்கணுமா, இவ மாட்டப் பார்க்கணுமா? இவ கேட்டிருக்கிறது நர்சிங்."

"வாப்பா, சும்மா இருங்க" என்றாள் அந்தப் பெண், முகஞ்சிவந்து.

என் மருமகள் எழுந்து நின்றாள். "நான்தான் மாத்தினேன் மாமா. மொத வரியில விலங்கு மருத்துவம். ரெண்டாவது விவசாயம். நீங்க சொன்னது கடைசியில இருக்கு. பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்."

"என்னிடம் ஒரு சொல் சொன்னாயா?"

"சொன்னா திரும்ப மாத்துவீங்க."

என் வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்த என்னுடைய கையேட்டை அவள் பையிலிருந்து எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்தாள். மாணவர் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி எட்டும் முதல் துறையே வழங்கப்படும் என்றும், அதற்குக் கீழே எழுதியவை அத்தோடு கைவிடப்படும் என்றும் அங்கே அச்சிட்டிருந்தது. "நீங்க படிச்ச பக்கம்தான் மாமா" என்றாள். என் சிவப்பு மை அந்தப் பத்தியிலேயே இருந்தது. விடுபட்ட ஒற்றொன்றை இட்டுவிட்டு மேலே போயிருக்கிறேன்.

அப்போதும் நான் அடங்கவில்லை. அச்சிட்டது என்பதற்காக ஒன்றை நம்பிவிட முடியுமா? என் அலுவலகத்துக்கும் சுற்றறிக்கைகள் அச்சிட்டே வந்தன. மறுநாட் காலையில் பொகவந்தலாவைப் பேருந்தில் ஏறி, வளைவு வளைவாகக் குலுங்கிப் போய், தங்கை மாலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் வரையிற் காத்திருந்து, அவளிடம் முறையிட்டேன். மகளை வரிசையைத் திருத்தச் சொல் என்றேன். அவள் நம்பும்பொருட்டு, மூன்று வரிகளில் முதல் வரியை மட்டும் படித்த என் அலுவலக வழக்கத்தையும் சான்றாக எடுத்துரைத்தேன்.

தங்கை தலையிற் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ ரெண்டாவது எழுதினத நீங்க படிக்கவே இல்லையா அண்ணே?"

"நேரமில்லை."

"அதுல எழுதினவங்க பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்களே."

அந்தக் கேள்வியை அத்தனை ஆண்டுகளில் எவரும் என்னிடம் கேட்டதில்லை. மழைக்குள் மூன்று மைல் நடந்து பள்ளிக்குப் போன ஓர் ஆசிரியை, கைக்குழந்தையோடு என் மேசைக்கு முன் நின்றது அப்போது எனக்கு நினைவு வந்தது. அவர் இரண்டாம் வரியில் எதை எழுதியிருந்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"பசு எந்திரிச்சு நின்ன அன்னிக்கே அவ முடிவு பண்ணிட்டா" என்றாள் தங்கை. "ஒங்க ஆபீச எங்க வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க அண்ணே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுப் போனேன். விண்ணப்பம் அவள் எழுதிய வரிசையிலேயே போயிற்று.

மாதங்கள் கழிந்து வெட்டுப்புள்ளி வெளியானது என்று கேள்விப்பட்ட அன்று நானாவின் கடைக்கு ஓடினேன். பணப்பையிலிருந்த தாளைப் பிரித்து நீட்டினேன். நானா தட்டிப் பார்த்தார். "பாஸ்வேர்ட் பிழை ஐயா. அதான் மாத்திட்டாளே" என்று தாளைப் பவ்வியமாக மடித்துத் திருப்பித் தந்தார். தொலைபேசியில் மருமகளை அழைத்தேன். "பஸ்ல வந்துகிட்டிருக்கேன் மாமா" என்றாள், அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் எவரேனும் இருந்திருப்பர்.

பஸ் நிலையத்தில் நின்றேன். கண்டாக்கையாவும் குடையோடு அங்கே நின்றார். பேரனுக்காக வந்தாரோ என்னைப் பார்க்கவே வந்தாரோ, நான் உறுதி கூற மாட்டேன். பொகவந்தலாவைப் பேருந்து வந்தது. இறங்கியவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நாங்கள் பழக்கிய முகம் அது. என்னருகே வந்து, கண்டாக்கையாவை ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, மொதல்ல சொல்லுங்க. யார்கிட்டயும் போய் மாத்தச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"மொத வரியே கெடைச்சிருச்சு மாமா."

அந்த ஆண்டு வெட்டுப்புள்ளி சற்று இறங்கியிருந்தது. நான் வகுத்த வரிசை போயிருந்தால், அவள் புள்ளி எட்டிய முதல் துறையாகக் கிழக்கே உயிரியலைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வரியை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைப் போலன்றி, அவர்கள் முறைப்படியே அவ்வாறு நடந்திருப்பார்கள்.

கண்டாக்கையா குடையைச் சாய்த்து நெருங்கினார். "என்னங்க, மருமகளுக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று அறியவே பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"விலங்கு மருத்துவம் கிடைத்திருக்கிறதுங்க" என்றேன். பிறகு, எவரும் கேட்காமலேயே, அவளுடைய இசற் புள்ளியைத் தசமத்துக்குப் பின்னாலிருந்த நான்கு இலக்கங்களோடும் உரக்கச் சொன்னேன். வரிசையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தனர்.

கண்டாக்கையா நெடுநேரம் என் முகத்தைப் படித்தார். பிறகு தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சரிங்க, சரிங்க. சந்தோசம். அது கெடக்கட்டும், நெசமான புள்ளி எவ்வளவுங்க?"