புள்ளத்தாச்சி என்று அண்ணன் பெயர் வைத்த கார்

எங்கள் அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகும் இவ்வேளையில், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். அண்ணனின் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். ஆகவே தமிழில் எழுதும் வேலை தங்கையான என் தலையில் விழுந்தது. அந்த நான்கு வார்த்தைகளை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அண்ணன் குடிக்க மாட்டார். யாரிடமும் கை நீட்ட மாட்டார். அண்ணியை அடித்ததில்லை. வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. நான்கும் ஆயிற்று.

அண்ணன் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளியின் தலைமகனாகப் பிறந்தார். பூர்வீகம் வட ஆற்காடு. சுரங்க வேலையில் அப்பாவுக்கு மிஞ்சியது இருமல்தான். அண்ணன் தினமும் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வந்து கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு ஆஸ்டின் டவுனில் குடியேறி, ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அதிகாரிகளின் கார்களை ஓட்டினார். என்னைப் படிக்க வைத்தவரும் கரையேற்றியவரும் அவரே. இதை அவரே உங்கள் எல்லோரிடமும் பலமுறை சொல்லியிருப்பதால் நான் விரிவாக எழுதவில்லை.

சொந்தமாக அண்ணன் ஒரு கார் வாங்கியதில்லை. ஆனால் அடுத்தவர் காரில் அவர் கண்ட குறைகளுக்கு அளவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், எந்தக் கார் மட்டம், எது பார்க்கச் சகிக்காது என்று நண்பர்களோடு மதியச் சாப்பாடு வரைக்கும் வழக்காடுவார். யாராவது ஒரு காருக்குப் பரிந்து பேசினால், "நீ இன்னா குரு, அத்த கட்டிக்கினு போறவனா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அண்ணனின் வாய்க்கு முன்னால் மற்றவர்கள் பிழைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

நம் குடும்பத்தில் யார் புதுக்கார் வாங்கினாலும் அல்சூர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அடுத்து அண்ணன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகு பெயர் வைப்பார். சித்தப்பா மகனின் கார் தவளை ஆனது. அண்ணனின் மூத்த மகன் கடன் வாங்கி எடுத்த பெரிய காரின் முகப்பு பளபளவென்று இருந்ததால் அது பல்செட்டு ஆனது. தவளைக்காரர் இன்றும் தவளைக்காரர்தான். மூத்தவன் அதன் பிறகு அந்தக் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வருவான்.

கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக உழைத்துச் சேர்த்த பணத்தில் நானும் ஒரு கார் வாங்கினேன். பழைய கார்தான். உயரமாக, பின்பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கும். பார்த்தவர்கள் சிரித்த மாடல் என்று எனக்கும் தெரியும். ஓட்டிப் பார்த்தேன், பிடித்திருந்தது, வாங்கினேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அண்ணன் காரைச் சுற்றி வந்தார். அதன் பின்பக்கத்தைத் தட்டினார். கூடியிருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னார்.

"புள்ளத்தாச்சி! இவதான் ஆவல, இவ வண்டியாவது முழுகாம இருக்குதே!"

எல்லோரும் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. என் கணவரும் சிரித்தார். அவர் இப்போது இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். அன்றிலிருந்து குழந்தைகள்கூட அதற்கு அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். அந்தப் பெயரை அண்ணன் தன் வாயால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அவரிடம் நான் எதிர்பார்த்தது. பல வருடம் காத்திருந்தேன்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது. ஆட்டோவின் குலுக்கல் அவருக்குத் தாங்கவில்லை. கார் வைத்திருந்த சொந்தக்காரர்களை அண்ணி ஒவ்வொருவராகக் கேட்டார். என்ன அதிசயமோ, எல்லா வண்டிகளும் ஒரே சமயத்தில் சர்வீசுக்குப் போயிருந்தன. மூத்தவனுக்கு மீட்டிங் இருந்தது. கடைசியில் புள்ளத்தாச்சிதான் போனாள். நான் நைட் ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன். போகும்போதும் வரும்போதும் அண்ணன் அந்தக் காரை வைதுகொண்டே வந்தார். மேடு பள்ளம் வந்தால், "பாத்து ஓட்டுமா, வலி எடுத்துறப் போவுது" என்பார். நான் கியரை மாற்றுவேன்.

ஒரு நாள் மருந்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். சக்கர நாற்காலியில் இருந்த அண்ணனிடம் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். பிரேசர் டவுன்காரர், மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்து வருகிறவர். என் காருக்குப் பக்கத்தில் அதே மாடல், அதே நிறத்தில் அவருடைய காரும் நின்றது.

"எல்லாரும் சிரிக்கிறாங்க சார். மருமவன் இதுல ஏறவே மாட்டேன்றாரு" என்றார் பெரியவர்.

"வண்டி ஓட்டத் தெரியாதவன் சிரிப்பான் சார்," என்றார் அண்ணன். "உங்க வீட்டம்மா குனியாம ஏறி உக்காரலாம். எஞ்சின் சத்தமே கேக்காது. சும்மா ஜனங்க ஒண்ணு சொன்னா ஒண்ணு சிரிக்கும். தங்கமான வண்டி. விக்காதீங்க."

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மருந்துப் பையோடு பின்னாலேயே நின்றேன்.

அண்ணனைக் காரில் ஏற்றிய பிறகும் நான் வண்டியைக் கிளப்பவில்லை. "அவருகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் கூச்சப்படவே இல்லை. "அந்தாளு மனசு நொந்தா நாளைக்கு மூஞ்சத் திருப்பிக்கினு பூடுவாரு. நீ எங்க போவப் போற? நாளன்னிக்குக் காலையில வந்துதான ஆவணும்?" என்றார். பிறகு, "எடும்மா. வெயில்ல புள்ளத்தாச்சிக்கு மயக்கம் வந்துறப் போவுது" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே இறக்கி விட்டுவிட்டுப் போகலாம் போலிருந்தது. இறக்கிவிடவில்லை. ஒரு நாள் விட்டு அடுத்த நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் ஆரன் அடித்தேன். அண்ணன் சொன்னது சரிதான் என்பதை நானே மெய்ப்பித்தேன். அதுதான் இன்றுவரை என்னைச் சுடுகிறது.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். பெயரைத் திரும்ப எடுக்கவில்லை. சாவு வீட்டுக்கு அந்தப் பெரியவரும் வந்திருந்தார். "இப்பிடி இதமாப் பேசற மனுசன நான் பாத்ததில்லம்மா" என்று என்னிடம் சொல்லி விசும்பி அழுதார். பக்கத்திலிருந்த தவளைக்காரர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் யாருக்காக அழுதாரோ அந்த மனிதரை நான் சந்தித்ததே இல்லை. அப்போது மூத்தவன் வாசலிலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி கூப்பிட்டான்.

"அத்த, புள்ளத்தாச்சிய கொஞ்சம் முன்னால எடுங்க, பொண வண்டி வந்துருச்சி!"

எடுத்தேன்.

அண்ணனின் நோய்க்காலத்தில் போனில் நலம் விசாரித்த உறவினர்களுக்கும், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், மாலையோடு வந்த கம்பெனி நண்பர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அன்று இடுகாட்டில் அண்ணன் மேல் ஆளுக்கொரு பிடி மண் போட்டீர்கள். அவர் வைத்த அந்தப் பெயரின் மேலும் ஒரு பிடி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை