எந்தக் கல்யாணத்தில் பார்த்தேன்?

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வைகாசியில், உடன் வேலை பார்த்த நண்பரின் தங்கை கல்யாணம் கண்டனூரில் அவர்களுடைய பெரிய வீட்டில் நடந்தது. கல்யாணம் என்றால்தான் அந்த வீடு திறக்கும். பூட்டிக் கிடந்த அறைகளின் வாசனையோடு பன்னீரும் பலகாரமும் கலந்து வரும். அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று இன்றும் தோன்றும். அதற்கு முன் அதே வீட்டில் நடந்த நண்பரின் அக்காள் கல்யாணத்துக்கும் போயிருந்தேன்.

எல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது பெரிய வெள்ளிக் கூஜாவைக் காணவில்லை. கடைசியாக யார் பார்த்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஒன்றைக் கற்ற இடத்துக்கே திரும்பினால் அது எளிதில் நினைவுக்கு வரும் என்று ஆய்வுகளில் படித்து, என் மாணவர்களிடம் சொற்பட்டியல் கொடுத்துச் சோதித்தும் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன்.

நண்பரின் தாயார் ஆச்சி சிரித்தார். "போன கல்யாணத்துல குடைய விட்டுட்டுப் போனவுக. இவுகளா நெனப்பு மூட்டப் போறாக?"

பந்தியில் உட்கார்ந்த அதே இடத்தில், முற்றத்தைப் பார்த்து நின்றேன். படம்போல வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறார். எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன்.

பெரியவர் என்னையே பார்த்தார். "நான் அதைத் தொடலைங்கய்யா. ஆனா படிச்சவுக, பார்த்தேன்னு சொல்றீக. நான் என்னத்தச் சொல்ல?" சாவிக்கொத்தை ஆச்சியின் முன் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சில நாளில், மாப்பிள்ளை வீட்டில் சீர்ப் பாத்திரங்களைப் பிரித்தபோது கூஜா கிடைத்தது. செய்தி கேட்டதும் அந்தப் படத்தை மீண்டும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். பெரியவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். முற்றத்தில் ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் கொட்டிக்கொண்டிருந்தது. வைகாசிக் கல்யாணத்தில் ஒரு துளி மழை இல்லை. நான் பார்த்தது ஐப்பசியில் நடந்த அக்காள் கல்யாணத்தில்.

இடம் நினைவைக் கொடுத்தது உண்மை. எந்த நாளின் நினைவு என்று அது சொல்லவில்லை. என் சோதனைத் தாள்களை மறுபடி எடுத்தேன். எத்தனை சொற்கள் சரியாக வந்தன என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அதே அறையில் முன்பு வேறொரு நாள் படித்த சொற்கள் எத்தனை கலந்து வந்தன என்று பார்க்கவே இல்லை.

நண்பரும் நானும் அமராவதிபுதூரில் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்ப வரச் சொன்னோம். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"வரலாம் தம்பி. ஆனா இனிமே அங்குட்டு ஒரு சாமான் எடம் மாறுனாலும் எல்லாரும் என் கையத்தானே பாப்பாக?"

அவர் வரவே இல்லை. தவறாக நினைவு வந்ததற்கு உளவியலில் காரணம் இருக்கிறது; அதை அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்காமல் சபையில் சொன்னதற்கு, இந்த வயதிலும் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.