மூன்று சட்டை போட்ட பூமி

சித்திரை மாதத்து மத்தியானத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தடித்த ஃப்ளீஸ் குளிர்காலச் சட்டைகளை மாட்டிக்கொண்டு சொற்பொழிவாற்றிய மனிதன் அருள்புரத்தில் ஒருவன்தான், அது நான். மயங்கி விழுந்தபோதும் வாக்கியத்தை முடித்துவிட்டே விழுந்தேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பார்த்தவர்கள் யாரும் அதைக் குறிப்பிடுவதில்லை.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது தொழில். ஆர்டர் பேப்பர் கைக்கு வருமுன்பே நூல் வாங்கித் துணி ஓட்டிவிடுவது எங்கள் முதலாளியின் வழக்கம். "வாயில சொன்னாச் சொன்னதுதானுங்க" என்பார். அந்த வருடமும் குளிர்கால ஆர்டருக்கான ஃப்ளீஸ் முழுவதையும் பின்னி, சாயமேற்றி, குடோனில் கூரை முட்ட அடுக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் பையரிடமிருந்து நிபந்தனை வந்தது: பருவநிலை மாற்றம் எதனால் வருகிறது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், ஆள் வந்து பார்த்த பிறகே ஆர்டர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீங்க பொஸ்தகமெல்லாம் படிக்கறவருங்க. எப்படியாச்சும் புரிய வெச்சுருங்க. துணி உள்ள கெடக்குதுங்க."

படித்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நான் கொஞ்சம் உயரமாகிவிடுவேன். தொழிலாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, பையர் அனுப்பிய பெண்மணி கட்டிங் டேபிள் ஓரமாக நிற்க, முதல் சட்டையைப் போட்டுக்கொண்டேன். இதற்குள் அடுப்பு எதுவும் இல்லை என்று ஆரம்பித்தேன். சூடு நம் உடம்பினுடையது, சட்டை அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பூமியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரை அந்தச் சூட்டைத் திரும்ப வானத்துக்கு விடுகிறது. கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் அதில் ஒரு பங்கை மடக்கிவைக்கின்றன. இந்த ஒரு சட்டையும் இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். ஆனால் நிலக்கரியும் டீசலும் எரித்து, காட்டையும் அழித்து, நாம் அதன்மேல் இன்னொன்றைப் போடுகிறோம். இரண்டாவதைப் போட்டேன். அதற்கும் மேலே ஒன்று என்று மூன்றாவதையும் போட்டேன்.

தைத்த துணியைச் சரிபார்க்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செக்கிங் அக்கா எழுந்தார். "நம்ம சாயப்பட்டறைச் சிம்னில இப்பம் பொகையே வரலல்லா சார்? பெறவு என்ன?"

நல்ல கேள்வி. கரும்புகைதான் கண்ணுக்குத் தெரியும், இந்த வாயு தெரியாது என்றேன். இன்றைக்கு விட்டது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் காற்றில் இருக்கும் என்றேன்.

"அது கெடக்கட்டும், நீங்க மொதல்ல சட்டையக் கழத்துங்க சார். மூஞ்சி செவந்துட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், மின்விசிறிகள் நின்றன. "என்னால் கழற்ற முடியும், பூமியால் முடியாதே!" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது முகத்தில் அடித்த தண்ணீர்தான்.

பயிற்சி மனத்தில் நிற்கும்படி இருந்ததாக அந்தப் பெண்மணி எழுதிக்கொடுத்தார். முதலாளி முருகன் படத்துக்கு மாலை போட்டார். ஆர்டரும் மெயிலில் வந்தது, பாதியாக. பையரின் நாட்டில் குளிர்காலம் முன்போல் குளிர்வதில்லையாம். போன வருடத்துச் சரக்கே கடைகளில் தொங்குகிறதாம். மெயிலைத் தமிழில் சொல்லி முடித்ததும் முதலாளி குடோன் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அன்னைக்கு நான் சொன்னது இதைத்தானுங்க" என்று மறுபடியும் வெயில், தரை, வாயு என்று ஆரம்பித்தேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"காரணம் நல்லாப் புரிஞ்சுதுங்க. மிச்சத் துணியப் பூராவும் நீங்களே போட்டுக்கறீங்களா?"