எழுதச் சொன்னது யார்?

அவையில் யாராவது எழுந்து தொண்டையைக் கனைத்தால் போதும், ஹம்ப்ரி டாக்கெட்டின் இறகுப் பேனா மைக்கூட்டுக்குள் போய்விடும். முழங்காலில் குறிப்பேடு. பக்கத்தில் இருப்பவரின் காலுறையில் வாரத்துக்கு ஒரு துளி மையாவது தெறிக்கும். "கழுவினா போயிடும்" என்பார், தலை நிமிராமல். போகாது.

1620களில், இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலத்து ஊர் ஒன்று, கம்பளி வியாபாரியான டாக்கெட்டைத் தன் உறுப்பினராக வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அவர் அவையில் வாய் திறந்ததே இல்லை. எழுத்தர் தீர்மானங்களை மட்டும் பதிவார். யார் என்ன பேசினார் என்பது காற்றோடு போகும். டாக்கெட்டுக்கு அது பொறுக்கவில்லை. இருமலைக்கூட எழுதினார். காதில் விழாததை மட்டும் இட்டுக்கட்ட மாட்டார். "கேட்கவில்லை" என்று குறித்து இடம் விட்டுவிடுவார். மதியம் ஆட்டுக்கறி அடைத்த அப்பத்தைக் கடித்தபடி ஆள் ஆளாகப் பிடித்து விசாரிப்பார்: "அவர் 'கூடாது'ன்னாரா, 'வேண்டாம்'னாரா?"

ஒரு பிப்ரவரியில், டாக்கெட்டின் ஊர்ச் சதுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சர் ரால்ஃப் கார்விக் என்ற உறுப்பினர் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சதுப்புல ஒரு வேலிகூட வராது. ஏழைங்க மாடு மேயிற இடம். இது என் வாக்கு." மே மாதம் வேலி போடும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரே. "வேலி வேணும்னுதானே நான் எப்பவும் சொல்லிட்டு வரேன்!"

நாற்பது குடும்பங்களின் மாடுகள் அந்தப் புல்லை நம்பியிருந்தன. டாக்கெட் எழுந்தார். குறிப்பேட்டைப் புரட்டினார்.

"பிப்ரவரி பதினொண்ணு. நீங்க சொன்னது இதோ" என்று, ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

சர் ரால்ஃப் துள்ளி எழுந்தார். "இவனை எழுதச் சொன்னது யாரு? இங்க பேசுறது ராஜா காதுக்குப் போனா நம்ம தலை தப்புமா?"

"கிழி! கிழி!" என்று இருபுறமும் கூச்சல். பொய் சொன்னவரைப் பார்த்து ஒருவர்கூடக் கத்தவில்லை.

"மிஸ்டர் டாக்கெட், அந்தத் தாளை நீங்களே கிழிச்சுடுங்க" என்றார் அவைத்தலைவர்.

"சொன்னாரா இல்லையான்னு ஒருத்தராவது அவரைக் கேளுங்களேன்! எல்லாரும் இங்கதானே உக்காந்திருந்தீங்க? காதை எங்க வச்சுட்டு வந்தீங்க?"

"கிழி!"

கிழித்தார். காவலர் வந்து தாளை வாங்கிப் போனார். சிறிது நேரத்தில் வாக்கெடுப்பும் முடிந்தது. வேலி மசோதா வென்றது.

டாக்கெட் உட்கார்ந்தார். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து தேதி போட்டார். பிறகு, எல்லோரையும்விட உரக்கக் கத்திய பக்கத்து உறுப்பினரிடம் திரும்பினார்.

"உங்க பேர்ல ஒரு எழுத்துகூடத் தப்பா விழக்கூடாது. மெதுவாச் சொல்லுங்க."

இறகை மையில் தோய்த்து, தாளின் மேல் பிடித்தபடி காத்திருந்தார்.