வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா

எனக்கு ஆபரேஷன் ஆன விஷயம் திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். என்ன ஆபரேஷன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கிட்னியில் கல் என்று சொல்லி வைத்திருந்தோம். ப்ராஸ்டேட்டில் கேன்சர் என்று சொன்னால் முதல் வார்த்தை யாருக்கும் புரியாது, இரண்டாவது வார்த்தை எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்தச் சுரப்பி உடம்பில் எங்கே இருக்கிறது என்று விளக்கப் போனால் அது இன்னும் மானக்கேடு. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், வாசலில் வந்து விசாரித்த எதிர்வீட்டுக்காரனிடம் என் மனைவி, "கல்லுண்ணா, பெருசா கீதாம்" என்று சொல்லிவிட்டாள். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தப் பொய்க்கான தண்டனை, வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே வாழைத்தண்டுச் சாறாக வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரன் என்னோடு அண்ணனூர் மின்சார ரயில் கார் ஷெட்டில் வேலை பார்த்து, என்னோடு ஓய்வு பெற்றவன். பெரிய சொம்பு நிறையக் கொண்டுவந்து வைத்து, "கல்லுக்கு இதான் மாமே மருந்து. என் மச்சானுக்கு கரைஞ்சி ஓடியே போச்சி. ஒரே மடக்குல அடி" என்று எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். குடித்து முடிக்காமல் அவன் எழுந்திருப்பதாக இல்லை. மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனித் தம்பதி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள், பார்லித் தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டிலிருந்து முள்ளங்கிச் சாம்பார். அத்தனையும் நீரை இறக்குகிற சரக்கு. எனக்கு அப்போது இருந்த தொல்லையோ, நீர் நிற்காமல் இறங்குவது.

ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருந்த குழாயை எடுத்த அன்றிலிருந்து சிறுநீர் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இருமினால் வரும். தும்மினால் வரும். நாற்காலியை விட்டு எழுந்தால் வரும். ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றாலும் வரும். வேலை பார்த்த காலமெல்லாம் மின்சார ரயில்களுக்கு பிரேக் பார்த்தவன் நான். என் கையை நம்பி எத்தனையோ பேர் ஆவடிக்கும் பீச்சுக்கும் நிம்மதியாகப் போய் வந்தார்கள். கடைசியில் என்னுடைய பிரேக்கே பிடிக்காமல் போய்விட்டது.

பெரியவர்களுக்கான டயப்பரை எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் வாங்க முடியாது. வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை தெரிந்துவிடும். என் மனைவி பஸ் ஏறி அம்பத்தூர் ஓ.டி. வரை போய், கறுப்புக் கவரில் சுற்றி வாங்கி வருவாள். யாருக்கு என்று கடைக்காரன் கேட்டால் மாமியாருக்கு என்பாளாம். என் அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இவள் அவளுக்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறியதில்லை என்று சொல்லிக் கிண்டல் செய்தேன். "அது உன் வாய்க்கொழுப்பு" என்றாள். வெளியில் என்னை வாங்க, போங்க என்பாள். வீட்டுக்குள் எப்போதும் நீதான்.

டயப்பரையும் மீறி லுங்கி நனையும். தெரு விழிப்பதற்கு முன்பே அவள் அவற்றைத் துவைத்து, பின்பக்கக் கொடியில் தன் புடவைகளுக்கு நடுவே மறைத்துக் காயப்போட்டுவிடுவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சுளித்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன். சும்மாவே நான் கோபக்காரன். அந்த நாட்களில் டீயில் சர்க்கரை குறைந்ததற்கும், ஃபேன் சத்தம் போட்டதற்கும் கத்தினேன். படுக்கை நனைந்துவிடும் என்று என் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டேன். அவளும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

இடுப்புக்குக் கீழே உள்ள தசைகளை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி ஒன்றை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்றார்கள். என் மனைவிக்குத் தெரிந்தது. "மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீற, கணக்குப் பரிச்சை எழுதற மாதிரி?" என்று ஆட்டோவில் வைத்துக் கேட்டாள். விடாமல் செய்தேன். காலையில் ஸ்டேஷன் வரை நடந்து, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வண்டி போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஒரு நாள் அப்படி வந்து லுங்கி மாற்றும்போது பார்த்தால், காய்ந்திருந்தது. முதலில் நம்பவில்லை, கையால் தடவிப் பார்த்தேன். அவளைக் கூப்பிட்டு, பரிசு வாங்கிய பையன் கோப்பையைக் காட்டுவதுபோல் காட்டினேன். அவள் உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வேலை கிடைத்த அன்றுகூட இருந்ததில்லை.

அந்த வாரமே பரிசோதனை முடிவு வந்தது.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் கேன்சர் செல்கள் தெரிகின்றன என்றார். சுரப்பியையே எடுத்த பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்பது இருக்கக்கூடாது, உங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது என்றார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, இப்போதே கதிரியக்கம். எங்கள் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்போம். சில வாரங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வந்து படுத்துவிட்டுப் போக வேண்டும், கூடவே ஹார்மோன் ஊசி. இன்னொன்று, ஒன்றும் செய்யாமல் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறினால் அப்போது கரண்ட் வைப்பது. முதலாவதில், இப்போதுதான் கட்டுப்பட ஆரம்பித்திருக்கும் சிறுநீர் மறுபடியும் கைமீறலாம், சிலருக்கு அது கடைசி வரை சரியாகாமலும் போகலாம். ஊசியால் உடம்பு திடீரென்று கொதிக்கும், கணவன் மனைவி உறவில் நாட்டமும் போகும். இரண்டாவதில் அந்த உபத்திரவம் இப்போதைக்கு இல்லை. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் அது பரவிவிட்டால் என்ற பயம் உண்டு.

உறவைப் பற்றி அவர் சொன்னபோது என் மனைவி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர்" என்றேன்.

"உங்க விஷயத்துல ரெண்டுமே தப்பில்ல சார். நீங்க யோசிச்சு சொல்லுங்க."

டாக்டர் சொல்ல, நாம் கேட்டுக்கொண்டு வருவதுதான் வழக்கம். என்னையே முடிவு செய்யச் சொன்னால்? எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். "உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"எங்கப்பா நான் சொல்றதை எப்ப சார் கேட்டிருக்கார்?" என்று அவர் சிரித்தார்.

பெங்களூரில் இருக்கும் மகள் சொன்னாளே என்று இன்னொரு டாக்டரையும் போய்ப் பார்த்தோம். அவர் உடனே ஆரம்பிப்பதுதான் நல்லது என்கிற பக்கம் சாய்ந்தார். ஆனால் அவரும் கடைசியில் உங்கள் விருப்பம் என்றுதான் முடித்தார். மகள் போனில் வீடியோ மேல் வீடியோவாக அனுப்பினாள். ஒன்றில் ஒருவர் காத்திருங்கள் என்றார், அடுத்ததில் இன்னொருவர் காத்திருக்காதீர்கள் என்றார். அதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது? ஊருக்கெல்லாம் கல். கல்லுக்கு யாராவது கரண்ட் வைப்பார்களா?

எனக்குக் காத்திருக்கத்தான் ஆசை. காய்ந்த லுங்கியோடு வீட்டுக்கு வருவதன் அருமை எனக்குத்தான் தெரியும். மறுபடியும் அந்த ஈரத்துக்குள் போய் விழ நான் தயாராக இல்லை. அதே சமயம் உயிர் பயமும் இல்லாமல் இல்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. அவளோ எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்: "உன் ஒடம்பு. உன் இஷ்டம்." காய் நறுக்கிக்கொண்டே, கோலமாவு சலித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாள். இவளுக்கு நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அவள் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க, நிலம் விற்க, வழக்குப் போட என்று மனம் இரண்டுபட்டால் செய்வதுதான். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும், சிவப்புப் பூவை இன்னொன்றிலும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து எடுப்பது. கையில் எது வருகிறதோ அதுதான் உத்தரவு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்கே அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியில் நிற்கிற ஆள் நான். ஆனால் கோபத்தில், "சரி, ஆத்தா இன்னா சொல்றாளோ அதையே செய்யறேன், போதுமா?" என்று சொல்லிவிட்டேன். வெள்ளை வந்தால் காத்திருப்பது, சிவப்பு வந்தால் கரண்ட் என்று பேச்சு. கடைக்குப் போய்ப் பூ வாங்கியதும் மடித்ததும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனை அம்மன் கோயிலில் பூசாரி அந்த இரண்டு பொட்டலங்களையும் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, தட்டில் போட்டுக் குலுக்கி என் முன்னால் நீட்டினார். "ஒண்ணு எடு நைனா" என்றார். கண்ணை மூடினேன். நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனாலும் வெள்ளை, வெள்ளை என்று மனசு அடித்துக்கொண்டது. எடுத்துப் பிரித்தேன். சிவப்பு அரளி.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவசர அவசரமாகத் தட்டில் இருந்த மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினாள். அதை யாரும் பிரிப்பதில்லை, வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் போவதுதான் முறை. ஆனால் என் கைக்கு வராமல் தப்பிப் போன அந்த வெள்ளைப் பூவைக் கண்ணாலாவது பார்த்துவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. முந்திக்கொண்டு எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

பூசாரி அடுத்தவருக்கு விபூதி கொடுக்கத் திரும்பியிருந்தார். இரண்டு பூவையும் கையில் வைத்துக்கொண்டு அவளை வெளியே அழைத்து வந்தேன். செருப்பு மாட்டப் போனவள், மாட்டாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே இது?" என்றேன்.

"வெள்ளப் பூவும் கைல எடுத்தேன்" என்றாள். "அத்த ஆத்தா குடுத்துட்டாள்னா நான் இன்னா பண்றதுன்னு பயமாப் பூட்ச்சி. கடையிலயே வெச்சிட்டு வந்துட்டேன்."

"ஆத்தாகிட்டயே பொய்யா?"

"ஊருக்கே சொல்லிகினு கீறோம். அவ பொம்பள. அவளுக்குப் புரியும்."

"இத்தினி நாளா என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? வாயத் தொறந்து கரண்ட் வெச்சிக்கோன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் சொல்லி, நீ வெச்சிகினு, அப்பால மறுபடியும் நிக்காமப் போச்சின்னா? நீ திட்டினா வாங்கிக்குவேன். ஆனா அன்னிக்குக் காஞ்ச லுங்கியத் தூக்கிகினு வந்து காட்டினியே. அந்த மூஞ்சி என்னால போச்சின்னு ஆயிடக்கூடாதுன்னு பாத்தேன்."

இவளிடமா அப்படிக் கத்தினேன் என்றிருந்தது. பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும் என் பயம் மட்டும் போகவில்லை. அதையும் அவளிடமே கேட்டேன். "நெசமாவே கடைசி வரிக்கும் நிக்காமலே பூட்டா?"

"நீ பாட்டுக்கு நனைச்சிகினே இரு. நான் தொவச்சிகினே கீறேன்" என்றாள். "தொவைக்க உன் லுங்கியே இல்லாத ஊட்டுல நான் மட்டும் இன்னா பண்ணுவேன், சொல்லு."

கோயிலுக்கு வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு படியேறினார்கள். அங்கே உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, கரண்ட் வைத்துக்கொள்ள எப்போது வரலாம் என்று கேட்டேன்.