ரிவர்ஸ் வராத மாப்பிள்ளை

என் தங்கை புருஷனுக்கு ஷெட்டில் வைத்த பெயர் நேர்கோடு. பெரிய லாரி ஓட்ட லைசென்ஸ் உள்ளவர், பதினெட்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். ஆனால் லாரிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிவிட்டால் சட்டத்துக்கு அது வேறு வண்டி. அதற்குத் தனி டெஸ்ட். அதில் மூன்று தடவை தோற்றார், மூன்றும் ரிவர்ஸில்.

டிரெய்லரின் வால் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. பதற்றம் வந்தால் கை பழைய பழக்கத்துக்கு ஓடிவிடும், அவ்வளவுதான். மூன்றாம் தடவை ஓரத்தில் நட்டிருந்த கம்பத்தை டிரெய்லர் சாய்த்ததும் டெஸ்ட் அதிகாரி, "அண்ணே, நீங்க முன்னாடியே போயி உலகத்தச் சுத்திட்டு வந்து நிறுத்திடுங்க" என்றார். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என் கதை வேறு. என்னிடம் டிரெய்லர் லைசென்ஸ் இருந்தது, முதுகு இல்லை. தண்டுவடத்தில் ஏதோ பிசகி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போகும். ஆக, இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு டிரைவர் கிடைப்பார். முதலாளி கணக்கும் அதுதான். காகிதத்தில் நான் டிரைவர், அவர் கிளீனர். நாற்பத்து நான்கு வயதில் கிளீனர் என்று கையெழுத்துப் போட்டார் மனுஷன். ரோட்டில் ஓட்டியதெல்லாம் அவர்தான்.

சோதனைச் சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமல் இடம் மாறிக்கொள்வோம். அது எங்களுக்கு மூக்கைச் சொறிகிற மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பின்னால் எடுக்க வேண்டிய இடம் வந்தால் ஸ்டியரிங் என்னுடையது. "ரிவர்ஸ்னா நீங்கதான் மச்சான்" என்று குதித்து இறங்குவார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்று கையைக் காட்டுவார். ஒரு நாளும் இதில் விளையாடியதில்லை.

நான்காவது டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் செருப்பையும் சோப்பு டப்பாவையும் நூலால் கட்டிப் பின்னால் தள்ளிப் பழகுவார். "சோறு வைக்கிற எடத்துல செருப்பா? உங்களுக்கு மூளை கீளை கெட்டுப்போச்சா?" என்று தங்கை கத்துவாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அன்றைக்கு ஒரு காகிதக் கிடங்கு. உச்சி வெயில். எனக்கு முதுகு பிளந்துகொண்டிருந்தது, இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் குப்புறக் கிடந்தேன். வழி கிடைக்காமல் ரோட்டில் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன.

"மச்சான், எந்திரிங்க. உள்ள விடணும்."

"உயிர் போகுது மாப்ளே. நீங்களே விடுங்க."

"வேணாம் மச்சான். பின்னால பாக்கவும் ஆள் இல்ல."

"அட, காலி இடம்தானே! இதுக்கே பயந்தா டெஸ்ட்ல என்னத்தக் கிழிக்கப் போறீங்க? எடுங்கன்னா எடுங்க!"

எடுத்தார். கை பழைய பக்கமே திரும்பியது. சுவரோரமாக உட்கார்ந்து தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்த சுமைதூக்கும் ஆளை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. சத்தம் கேட்டு நான் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை அந்த ஆளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

போலீஸ்காரர் முதலில் என்னிடம்தான் வந்தார். "லைசென்ஸ் உன்கிட்ட இருக்கு. அந்தாளு எப்படி எடுத்தான்? நீ சொன்னியா?"

ஆமாம் என்றால் என் லைசென்ஸும் போகும், நானும் உள்ளே போவேன். நாக்கு தானாகப் புரண்டது.

"தூங்கிட்டேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

மாப்பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரரிடம், "ஆமாங்க, நானாத்தான் எடுத்தேன்" என்றார். சொல்லவே கூசுகிறது, அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

நான்கு வருஷம் போட்டார்கள். டிரெய்லர் ஓட்டத் தகுதியில்லை என்று மூன்று தடவை எழுதிக் கொடுக்கப்பட்ட ஆள், யாரும் சொல்லாமலே துணிந்து எடுத்திருக்கிறார் என்று தீர்ப்பில் இருந்தது. வேறொருவர் சொல்லி எடுத்திருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும் என்றார் வக்கீல்.

தங்கை வாரம் தவறாமல் சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, நீ சொல்லாம அவரு ரிவர்ஸ் எடுக்க மாட்டாரே. எனக்கென்ன தெரியாதா? அவரக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு. உண்மையச் சொல்லு, நீதானே எடுக்கச் சொன்னே?"

சொல்லியிருக்கலாம். வீட்டில் போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை, அவளும் நானும்தான்.

"இல்லம்மா. நான் தூங்கிட்டிருந்தேன்."

அவள் கையிலிருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டை.

"அப்போ அந்த மனுஷன் திமிரெடுத்துத்தான் எடுத்திருக்காரு. ஒரு உசிரக் கொன்னுட்டு, என் புள்ளைங்களையும் நடுத்தெருவுல விட்டுட்டாரு. நான் ஒரு மடச்சி, வாரா வாரம் ஓடிட்டிருக்கேன்."

அந்த வாரம் அவள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. இப்போது ஒரு வருஷம் ஆகிறது.