ஜெசிந்தாவின் சமையல் மேடை

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் ஜெசிந்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. பொம்மைகளுக்குக் கண் எழுத வந்தவள், இப்போது தன்னைப் போன்ற திருநங்கைத் தோழிகளின் வீடுகளுக்கு உள்அலங்காரமும் செய்கிறாள். அவள் செய்யும் டீக்கப்பின் பிடியில் எவ்வளவு பெரிய விரலும் தாராளமாக நுழையும். நிலைக்கண்ணாடியைக் கூடத்தின் நடுவிலேயே மாட்டிவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி பார்த்த காலமெல்லாம் போதும் என்பாள்.

சொந்த வீடு கட்டும்போது கொத்தனார் கொளஞ்சிநாதன் அவளோடு மல்லுக்கு நின்றார்.

"பொம்பளைங்க நின்னு சமைக்கிற மேடைக்கு இதாம்மா அளவு."

"நானும் பொம்பளைதாண்ணே. கொஞ்சம் ஒசந்த பொம்பளை. குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு."

அந்த அளவை எந்த மகராசன் வைத்தானோ, அவன் ஒருநாளும் சமைத்திருக்க மாட்டான். மேடை ஜெசிந்தாவின் இடுப்புக்கு உயர்ந்தது. அதன் கீழே, இழுத்தால் வெளியே வரும் மரப்படி ஒன்றையும் ஆசாரியிடம் சொல்லிப் போட்டாள். படியை இழுக்கப் பீங்கானில் ஒரு குமிழ் செய்து, அதில் கனகாம்பரம் வரைந்தாள். அம்மா மதலேனாவுக்குப் பிடித்த பூ அது.

"ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா படி?" என்றார் கொத்தனார். அவள் சிரித்து மழுப்பினாள்.

அப்பா உயிரோடு இருந்தவரை, நல்லூரில் பிறந்த வீட்டுப் பக்கம் அவள் போகக் கூடாது என்பது அவர் கட்டளை. அம்மாவும் அவளைப் பார்க்க வரக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக அம்மா என்றால் போனில் கேட்கும் குரல்தான். இந்த வீட்டில் அம்மா கையால் ஒரு குழம்பு கொதிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

வீடு மந்திரிக்கும் நாளில் மதலேனா வந்தாள். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அம்மா மட்டும் மடியிலிருந்த பையை இறக்காமல் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று எழுந்தவள், போகிற போக்கில் சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"என்னாது இது, மேடை நெஞ்சுக்கு வருது? யாரு சமைக்கிறது இதுல?"

ஜெசிந்தா குமிழைப் பிடித்து இழுத்தாள். படி வெளியே வந்தது.

"இது உனக்கும்மா."

மதலேனா கனகாம்பரத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் ஏறி நின்றாள். அப்போதும் மேடை உயரமாகத்தான் இருந்தது. மகள் மனசில் வைத்து அளந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அம்மாவை. இந்த அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டியது.

"அழுவாத. புளி எங்க இருக்குது, எடு" என்றாள் மதலேனா. "அடுத்த வாரம் நான் வரதுக்குள்ள ஆசாரிகிட்ட சொல்லி, இந்தப் படிய இன்னும் நாலு விரக்கடை ஒசத்தி வை."